குல்கந்துக்கு எட்டுப் புரிக் கயிறு

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. ஆடிக் காத்து அடிக்குது, தள்ளி உக்காந்தா சொல்ற சொல்லைப் பாதி வழியிலேயே பறிச்சுட்டுப் போயிடும், அப்புறம் கதையோட தலை உங்ககிட்ட இருக்கும், வால் அடுத்த ஊர்ல கிடக்கும். முட்டியோட முட்டி இடிக்க உக்காந்தாச்சா? சரி, கேளுங்க.

பழனிக்கும் உடுமலைக்கும் நடுவிலே பெரியகாட்டுப்புதூர் என்று ஓர் ஊர். மேற்கே மலை வாயைத் திறந்து வைத்திருக்கிற கணவாய். ஆடி பிறந்தால் அந்த வாய் வழியாகத்தான் காற்று வரும், வந்தால் கொடியில் துணி நிற்காது, கூரையில் ஓலை நிற்காது, மனுசனுக்குக் கோபம்கூட நிற்காது, திட்ட வாயைத் திறந்தவன் மண்ணைத் துப்பிவிட்டு மறந்து போவான். கிழக்கே, ஊர் முடிகிற இடத்தில், வரிசையாகக் காத்தாடிகள். பிள்ளைகள் விடுகிற காத்தாடி இல்லை. கரண்டு எடுப்பதற்காக நட்டு வைத்த, பனைமரத்தின் மேல் பனைமரம், அதன் மேல் இன்னொரு பனைமரம் வைத்த உயரத்துக்கு, மூன்று கையையும் விரித்துக்கொண்டு வீச்சு வீச்சென்று சுற்றுகிற காத்தாடிகள். காற்று மேற்கிலிருந்து வரும், ஊரைத் தடவும், கிழக்கே காத்தாடியில் போய் விழும். அதுதான் அந்த ஊரின் தினப்படி.

அந்த ஊரில் குதிரை வண்டி ஓட்டுகிறவள் பல்கீசு. ராவுத்தர் வீட்டுப் பெண், நாற்பது வயசு, கையில் சவுக்கு வைத்திருப்பாள், ஒரு நாளும் வீசியதில்லை. ஷேர் ஆட்டோ புதைந்து போகிற மண் தடத்தில் எல்லாம் அவள் வண்டி போகும். புருசன் காசிம் நூல் மில்லில் வேலை. வெல்லப்பாகு நிறத்தில் இருந்த குதிரைக்குக் குல்கந்து என்று பேர் வைத்தவன் அவன்தான். அந்தக் குதிரைக்கு இரண்டு முறை குட்டி தங்காமல் போனது. இரண்டு முறையும் பல்கீசு மூன்று நாள் சோறு தின்னவில்லை. போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தபோது, கட்டி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் குல்கந்து கயிறு அவிழ்ந்து தனியாக நின்றது. சுற்றிலும் புழுதி. அந்தப் புழுதியில் வேறு எந்தக் குதிரையின் குளம்புத் தடமும் இல்லை. பல்கீசு மண்ணைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு ஓட்டி வந்தாள். நாலாம் மாதத்தில் வயிறு தெரிந்தது.

வயிறு நிறைந்த பிறகு பாரம் ஏற்றவில்லை. ஒரே ஒரு ஆள், மெதுவான நடை, அவ்வளவுதான். ஆடி முதல் தேதி, காலை பத்து மணி. வண்டியில் வஞ்சியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வஞ்சியாத்தாள் யார் என்றால், மாரியம்மன் நோம்பிக்குப் பின்னல் கோலாட்டம் ஆடுகிற எட்டுப் பேருக்கும் தலைவி, தோட்டம் காடு என்று வாழ்கிறவள், எதற்கும் அசையாதவள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டினதும் ஒரு பெருங்காற்று வந்தது. வண்டியின் முன்பக்கம் மெல்ல எழுந்தது. குல்கந்தின் கால் தரையில் இல்லை.

முதலில் எழுந்தது தலை இல்லை, வயிறு. யாரோ அடியில் இரண்டு கையும் கொடுத்து ஏந்தித் தூக்கின மாதிரி வயிறு மேலே போனது, தலையும் வாலும் நாலு காலும் அதன் பின்னால் தொங்கிக்கொண்டு போயின. ஊரே குதிரையின் தலையைப் பார்த்தது. பல்கீசு மட்டும் வயிற்றைப் பார்த்தாள். இதை மறந்துவிடாதீர்கள்.

அவள் கை வேகமாகப் போய் வண்டியின் வாரை அவிழ்த்தது. வண்டி டொம்மென்று கீழே உட்கார்ந்தது. குல்கந்து வேப்பமரம் அளவுக்கு மேலே போய் நின்றது. பிடிகயிற்றில் பல்கீசு தொங்கினாள், பெருவிரல் மட்டும் மண்ணில் கோலம் போட்டது.

வண்டிக்குள்ளிருந்து வஞ்சியாத்தாள் எட்டிப் பார்த்தாள். “ஏனக்கா, நான் எறங்கி நடக்கட்டுமா, இல்ல குதிரை வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?”

“எறங்கி என் காலைப் புடிடி!”

பொழுது சாய்கிற நேரம் காற்று ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும். அந்த மூச்சில் குல்கந்து இறங்கினாள், தண்ணீர் குடித்தாள், கொள்ளு தின்றாள், விடியற்காலம் வரை குதிரையாகவே நின்றாள். மறுநாள் பத்து மணிக்குக் காற்று வந்தது, அவளும் போனாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அம்மி பறக்கிற காற்றில் குதிரைக்கு என்ன கேடு என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சிலேயே பயமும் பிறந்தது. குதிரை போயிற்று என்றால் அடுத்து அம்மிதானே? அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பாதி வீட்டில் அம்மியைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டியாகிவிட்டது. மிச்சப் பாதி வீட்டில் அம்மியின் மேல் மாமியாரை உட்கார வைத்தார்கள்.

பஸ் கண்டக்டர், “குதிரைக்கடியில எறங்கறவங்க முன்னாடி வாங்க” என்று கூவத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் குல்கந்து மேலே போனால் இரண்டாவது பாடம், இறங்கினால் விளையாட்டு. கொடியில் துணி போடுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, அவள் வால் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, கொடியை அந்தப் பக்கம் இல்லாமல் கட்டினார்கள். வால் பக்கம் என்ன விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த விழுகிற பொருளுக்குத்தான் பெரிய போட்டி. மேலேயிருந்து விழுந்த எருவில் கீரை முழங்கால் உயரம் வளர்ந்ததைப் பார்த்ததும் தோட்டக்காரர்கள் பல்கீசின் வாசலில் வந்து நின்றார்கள்.

“அக்கா, நாளைக்குக் கயித்தைக் கொஞ்சம் எங்க காட்டுப் பக்கமாப் புடிங்க. வெங்காயம் போட்டிருக்கேன்.”

“அவனுக்கு நேத்தே வுழுந்துருச்சுங்க. இன்னைக்கு எங்க மொறை.”

கால்நடை டாக்டர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். “குதிரை ஆரோக்கியமா இருக்கு” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். “உயரத்துல இருக்கு” என்று அடியில் இன்னொரு வரி எழுதினார்.

எல்லாரும் பழகிவிட்டார்கள். பல்கீசு மட்டும் பழகவில்லை. அவளுக்குக் கிழக்கு இருந்தது. கிழக்கே காத்தாடி இருந்தது. கயிறு விட்டுப் போனால் குல்கந்து எங்கே போவாள் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொட்டகைக்குள் அடைத்துப் பார்த்தார்கள், தகரக் கூரை குதிரையோடு போயிற்று. முதுகில் மணல் மூட்டை ஏற்றலாம் என்றார்கள். “வயித்துல புள்ள இருக்கறவ மேல மூட்டை ஏத்துவீங்களா? உங்க வீட்டுல அப்படித்தான் பண்ணுவீங்களா?” என்று பல்கீசு கேட்ட கேள்வியில் அந்த யோசனை தலைகுனிந்து வெளியே போனது. மரத்தோடு குட்டையாகக் கட்டினார்கள், காற்று அவளைத் தூக்கி மரத்தில் அடித்து, கிளை விலாவைக் கீறியது. நீளமாக விட்டு, வெட்ட வெளியில் மிதக்க விடுவதுதான் அவளுக்குச் சுகம். அதற்குக் கயிறு வேண்டும்.

கயிற்றுக்கு முத்துவேலன் இருந்தான். கடைவீதியில் கயிற்றுக் கடை, தேங்காய் நாரில் அவனே முறுக்குகிற கயிறு, வாயும் அதே மாதிரி முறுக்கு.

“என்ற கயித்துல யானையைக் கட்டலாம் அம்மிணி! உன்ற குதிரை என்ன, யானைக்குப் பேத்தியா?”

முதல் கயிறு இரண்டு நாள் நின்றது. இரண்டாவது, விரல் கனம் கூட்டினது, ஒரு நாள். மூன்றாவது, கிணற்றில் கவலை இறைக்கிற வடம், அதுவும் ஒரே நாள். நாலாவது கை மணிக்கட்டுக் கனம். ஒன்றுகூட அறவில்லை. அறுந்தால் கடைக்காரனைத் திட்டலாம், திட்டினால் மனசு ஆறும். இது அறுபடவே இல்லை. மேலே குல்கந்து காற்றில் பம்பரம் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றினாள், எந்நேரமும் இடப்பக்கமாகவே சுற்றினாள். அவள் சுற்றச் சுற்றக் கயிற்றின் முறுக்கு ஒன்றொன்றாகக் கழன்றது. மூன்று புரியும் தனித்தனியாகி, புரிக்குள் இருக்கிற நாரும் தனித்தனியாகி, கடைசியில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஆகிக் கையோடு வந்தது.

ஒவ்வொரு முறை கயிறு அவிழும்போதும் அவள் கிழக்கே போனாள், சாயங்கால மூச்சில் எங்கேயாவது இறங்கினாள். முதல் முறை சோளக்காட்டில். இரண்டாம் முறை செங்கல் சூளையில். மூன்றாம் முறை காத்தாடிக்கு இரண்டு வயல் இப்பால். நாலாம் முறை, ஆடி பதினொன்று, காத்தாடியின் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். காத்தாடிக் காவல்காரன் எதையோ நீட்டினான். பல்கீசு வாங்கிப் பார்த்தாள். ஒரு முழம் வால் மயிர், கத்தரித்த மாதிரி ஒரே சீராக.

“ஒரு சுத்து முந்தியிருந்தா...” என்றான் அவன்.

“சொல்லாதீங்கண்ணா” என்றாள் பல்கீசு.

அடுத்த நாளிலிருந்து முத்துவேலனே வந்து நின்றுகொண்டான். கயிற்றின் அடி நுனியில் ஒரு மரப்பிடியைப் பூட்டி, மேலே அவள் அவிழ்க்கிற முறுக்கைக் கீழே திருப்பி முறுக்கிக்கொண்டே இருந்தான். மூச்சிரைக்க, வேர்க்க, மச்சினனும் அவனும் முறை வைத்து முறுக்கினார்கள்.

“நான் முறுக்கறேன், அவ அவுக்கறா. நான் முறுக்கறேன், அவ அவுக்கறா. என்ற சம்சாரத்துகிட்டகூட நான் இப்படிப் பட்டதில்ல அம்மிணி!”

மச்சினன் முறுக்குகிற நேரம் பார்த்துப் பல்கீசு தண்ணீர் குடிக்கக் கோயில் பக்கம் போனாள். அங்கே மைதானத்தில் வஞ்சியாத்தாள் கூட்டம் பின்னல் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தது. நடுவில் உயரமான மரம், மரத்தின் உச்சியில் வளையம், வளையத்திலிருந்து எட்டுக் கயிறு, கயிற்றுக்கு ஒரு பெண். நாலு பேர் வலமாகப் போனார்கள், நாலு பேர் இடமாக வந்தார்கள். எதிரே வருகிறவளுக்கு ஒரு முறை உள்ளே குனிந்து, அடுத்தவளுக்கு ஒரு முறை வெளியே நிமிர்ந்து, கோல் தட்டித் தட்டிச் சுற்றச் சுற்ற மேலே பின்னல் இறங்கிக்கொண்டு வந்தது. பாட்டு:

“வாய்க்கா வரப்புல வாரவளே – உன்
வளையலை எங்கே விட்டு வந்தே?”

முன்பாட்டு முடிந்ததும் பின்பாட்டு:

“விட்ட வளையலைத் தேடிப் போறேன் – நான்
வந்த வழியே திரும்பிப் போறேன்.”

பின்பாட்டு தொடங்கினதும் எட்டுப் பேரும் காலைத் திருப்பிப் போட்டு வந்த வழியே ஆடிப் போனார்கள், பின்னினது அத்தனையும் அவிழ்ந்து எட்டுக் கயிறும் எட்டாகவே தொங்கியது. இதுதான் அந்த ஆட்டத்தின் அழகு, பின்னுவதும் அவிழ்ப்பதும் ஒரே பாட்டில்.

பல்கீசு செம்பை வாயருகே வைத்தவள் குடிக்க மறந்தாள்.

“வஞ்சி! பின்னினதை அப்படியே வுட்டா, தானா அவுருமா?”

“நாங்க திரும்பி ஆடினாத்தான் அவுரும்.”

“காத்து ஆடினா?”

வஞ்சியாத்தாள் கோலை இடுப்பில் செருகினாள். “காத்து ஒரு பக்கமாத்தானக்கா சுத்தும்? இதை அவுக்கோணும்னா காத்துக்கு எட்டுக் காலு வேணும், நாலு அந்தப் பக்கம் போவோணும், நாலு இந்தப் பக்கம் வரோணும்.”

செம்பு கீழே விழுந்தது. பல்கீசு ஓடினாள். முக்காடு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ஓடிக்கொண்டே கத்தினாள்: “ஏங்க! நூலு! நூலு வேணும்!”

காசிம் மில்லில் கேட்டு வந்த கழிவு நூலை மூட்டை மூட்டையாக இறக்கினான். தேங்காய் நார் கையைக் கிழிக்கும், நைலான் வழுக்கிக் கையைச் சுடும், பருத்திதான் கைக்கும் குதிரைக்கும் ஒத்துப் போகும். நாற்பது நூலைச் சேர்த்து ஒரு புரி. முறுக்காமல், தலைவாரின மாதிரி நேராக நீவி விட்டு, அப்படி எட்டுப் புரி. நூறு முழக் கயிற்றுக்கு நூறு முழப் புரி போதும் என்றான் காசிம். “பின்னல் நீளத்தைத் தின்னும்ங்க. மூணுல ஒரு பங்கை முழுங்கிடும். நூத்தம்பத்தஞ்சு முழம் எடுங்க” என்றாள் பல்கீசு. எட்டுப் புரியையும் எட்டு மில் பாபினில் சுற்றினார்கள்.

அன்று சாயங்கால மூச்சில் குல்கந்து இறங்கினபோது பல்கீசு ஒரு காரியம் செய்தாள். குதிரையின் வயிற்றுக்கடியில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து மடி வரைக்கும் கையால் சாண் போட்டு அளந்தாள். நாலு சாணும் இரண்டு விரலும்.

முத்துவேலன் பார்த்துச் சிரித்தான். “ஏம்மிணி, கயிறு கழுத்துக்கா, மடிக்கா?”

“ரெண்டுக்குந்தான்” என்றாள் பல்கீசு.

ஆடி பதினாறு. மரத்து உச்சி வளையத்தில் கிணற்று உருளையை மாட்டி, எட்டுப் புரியின் தலையையும் ஒன்றாக முடிந்து, பின்னல் இறங்க இறங்க உருளை வழியாக இழுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. கோலுக்குப் பதிலாக எட்டுப் பேர் கையிலும் பாபின். ஊரே சுற்றி நின்றது. வஞ்சியாத்தாள் தொண்டையைச் செருமினாள். வாய்க்கா வரப்புல வாரவளே! எட்டுப் பேரும் சுற்றினார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், வெள்ளைவெளேரென்று கட்டுவிரியன் கனத்தில் கயிறு இறங்கியது. ஆகா, என்ன கயிறு! ஐந்து முழம், எட்டு முழம், பத்து முழம். மரப்பிடியை மச்சினனிடம் விட்டு வந்த முத்துவேலனே கையைத் தட்டினான், காசிம் விசிலடித்தான், பல்கீசு உருளையை இழுக்கத் திரும்பினாள், அந்த நேரத்தில் முன்பாட்டு முடிந்தது.

முடிந்தால் பின்பாட்டு வரும். பதினைந்து வருசமாக வருகிறது. வாய் தானாகப் பாடியது, கால் தானாகத் திரும்பியது. விட்ட வளையலைத் தேடிப் போறேன், வந்த வழியே திரும்பிப் போறேன். பல்கீசு திரும்பிப் பார்த்தபோது பத்து முழமும் அவிழ்ந்து எட்டுப் புரியும் எட்டாகத் தொங்கின, எட்டுப் பேரும் நோம்பியில் நிற்கிற மாதிரி கை கூப்பி நின்றார்கள்.

அப்புறம் வஞ்சியாத்தாள் தன் காலைப் பார்த்து, “பாழாப்போன காலே!” என்றாள்.

“இன்னொரு வாட்டி” என்றாள் பல்கீசு.

இன்னொரு வாட்டியும் அப்படியேதான் ஆனது. பாடாமல் ஆடினார்கள், மனசுக்குள் பாட்டு ஓடி, அங்கே பின்பாட்டு வந்து, கால் திரும்பியது. பல்கீசு மரத்தடியில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள்.

“கேட்டுக்குங்க. இந்த ஊர்ல நான் சொல்ற வரைக்கும் பின்பாட்டை யாரும் பாடக் கூடாது. வாயில மட்டுமில்ல, மனசுலயும் கூடாது. வளையலை வுட்டது வுட்டதுதான். அது வாய்க்காலோட போயிருச்சு! யாரும் தேடப் போகக் கூடாது!”

“போயிருச்சு!” என்று ஊரே கத்தியது.

அப்புறம் முன்பாட்டு முடிகிற இடம் வரும்போதெல்லாம் சுற்றி நின்ற அத்தனை பேரும் “போயிருச்சு!” என்று ஒரே குரலில் கத்துவார்கள், எட்டுப் பேரும் திடுக்கிட்டு மறுபடி முதலிலிருந்து பிடிப்பார்கள். பல் போன கிழவர் முதல் பஸ் கண்டக்டர் வரை கத்தினார்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பயணிகள் இறங்கி வந்து கத்தினார்கள். வளையல் போயிருச்சு, போயிருச்சு என்று அன்றைக்கு ஊரெல்லாம் ஒரே குதூகலம். பதினாறு போய்ப் பதினேழும் பாதி போனது. கயிறு நூறு முழம் வந்தது.

“நிறுத்துங்க” என்றாள் பல்கீசு. எட்டுப் புரியிலும் ஒன்பதரைச் சாண் மிச்சம் இருந்தது.

“ஏனக்கா, இன்னும் நூல் இருக்குதே. இன்னொரு சுத்து ஆடினா முடிஞ்சுது. குஞ்சம் மாதிரி எட்டு நுனியும் தொங்கறது அசிங்கமா இல்ல?”

“இருக்கட்டும். வேலை இருக்கு.” பின்னல் நின்ற இடத்தில் நூலைச் சுற்றி இறுக்கி ஒரு கட்டுப் போட்டாள். எட்டு நுனியும் அவிழ்ந்த முடி மாதிரி தொங்கின.

சாயங்கால மூச்சில் குல்கந்து இறங்கினாள். புதுக் கயிறு முகத்து வாரில் ஏறியது. கையில் பிடித்தால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. பல்கீசு குனிந்து மடியைப் பார்த்தாள். காம்பு இரண்டின் நுனியிலும் மெழுகு வைத்த மாதிரி மஞ்சளாக ஒரு சொட்டு உறைந்திருந்தது. அது வந்தால் ஒரு நாளில் குட்டி, தவறினால் இரண்டு நாளில்.

“ஏங்க, நாளைக்கு ஆடிப் பதினெட்டு” என்றாள் காசிமிடம்.

காசிமுக்குப் புரிந்தது. வருசத்திலேயே பெரிய காற்று அன்றைக்குத்தான்.

பதினெட்டாம் தேதி காற்று பத்து மணி வரை காத்திருக்கவில்லை. ஆறு மணிக்கே கணவாய் உறுமியது, குல்கந்து போனாள், மைதானத்து மரத்தில் அடியைக் கட்டின நூறு முழமும் கூடவே மேலே போனது, கிழக்கே காத்தாடிகள் பைத்தியம் பிடித்துச் சுற்றின. அவள் இடப்பக்கமாகச் சுற்றினாள். கயிற்றின் நாலு புரி அவிழப் பார்த்தது, மற்ற நாலு புரி அதற்கு இறுகியது. இறுகினது அவிழ விடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்து, முடியாமல், குல்கந்து தானாக மறுபக்கம் சுற்றி நேராக நின்றாள்.

முத்துவேலன் தன் மரப்பிடியைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தான். “அம்மிணி, நான் தோத்துட்டேன்! வாழ்க!” என்று அண்ணாந்து கத்தினான். அப்போது அவன் தலையில் ஒரு குடம் வெதுவெதுப்பான தண்ணீர் கொட்டியது. மழை என்று நினைத்து நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“பனிக்குடம்!” என்று வீறிட்டாள் பல்கீசு. “பனிக்குடம் உடைஞ்சிருச்சு! இழுங்க! எல்லாரும் இழுங்க!”

எட்டுப் பேர் பிடித்தார்கள், நகரவில்லை. இருபது பேர் பிடித்தார்கள், ஒரு முழம் வந்தது, காற்று இரண்டு முழம் பிடுங்கியது. மேலே குல்கந்தின் வாலுக்கடியில் இரண்டு சின்னக் குளம்பு எட்டிப் பார்த்தது. குட்டி அங்கேயே பிறந்தால் அதன் கழுத்தில் கயிறு இல்லை. கிழக்கே காத்தாடி இருந்தது. கூட்டம் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தது, ஒருவன் ஏலேலோ என்றான், ஒருத்தி முருகா என்றாள், ஒருவர் கால் ஒருவர் காலில் இடறியது.

பல்கீசு கல்லின் மேல் ஏறினாள்.

“வஞ்சி! பின்பாட்டைப் பாடு!”

“அக்கா?”

“இப்பப் பாடுடி! வந்த வழியே திரும்பிப் போங்கடி எல்லாரும்!”

இரண்டு நாள் வாயில் பூட்டி வைத்த பாட்டு. வஞ்சியாத்தாள் திறந்தாள். விட்ட வளையலைத் தேடிப் போறேன்! ஊரே சேர்ந்தது. வந்த வழியே திரும்பிப் போறேன்! பாட்டுக்குக் கால் திரும்பியது, நூறு கால், இருநூறு கால், ஒரே தட்டில் பின்னால் வைத்தன. கண்டக்டர் பின்னால் போனார், டாக்டர் பின்னால் போனார், வெங்காயக்காரனும் கீரைக்காரனும் சண்டையை மறந்து ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துப் பின்னால் போனார்கள். அம்மியின் மேல் உட்கார்ந்திருந்த மாமியார்கள்கூட எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்கள், அம்மி ஒன்றும் பறக்கவில்லை. திரும்பிப் போறேன், பத்து முழம். திரும்பிப் போறேன், முப்பது முழம். கயிறு கையைச் சுடவில்லை, கையை விட்டு வழுக்கவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை, சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கி வந்தது. குல்கந்தின் வயிறு மேலே இழுக்க, கால் கீழே தொங்க, வைக்கோல் போரின் காற்று மறைவில் அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். பத்துப் பேர் அவள் மேல் சாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு முக்கல். இரண்டு முக்கல். குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. கறுப்பு, நெற்றியில் ஒரு சொட்டு வெள்ளை, உயிரோடு. தும்மியது.

அந்தத் தும்மலோடு குல்கந்தின் நாலு காலும் மண்ணில் பதிந்தன. அவள் எழுந்து நின்றாள். பெருங்காற்று ஒன்று வந்து மோதியது, பிடரி பறந்தது, அவள் அசையவில்லை. சாதாரணக் குதிரை, கனமான குதிரை. பத்துப் பேரும் கையை எடுத்தார்கள். முத்துவேலன் அழுதான், காசிம் அழுதான், வஞ்சியாத்தாள் குலவை போட்டாள். “முடிஞ்சுது, இனிக் கயிறு எதுக்கு?” என்று யாரோ சொல்லி, கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

பல்கீசு ஆடவில்லை. கயிற்றின் அடி நுனியை மரத்திலிருந்து அவிழ்த்து வந்து, குட்டியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட இடத்தைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். எட்டு நுனியையும் மடியில் பரப்பி, பின்ன ஆரம்பித்தாள். நாலு வலம், நாலு இடம், எட்டுப் பேர் ஆடினதைப் பத்து விரல் ஆடியது.

“ஏனக்கா, இப்பப் போயி...” என்று வந்த வஞ்சியாத்தாள் குட்டியைப் பார்த்தாள்.

குட்டி ஈரமாக இருந்தது. தாய் நக்கினாள், காற்று உலர்த்தியது. முதலில் காது காய்ந்தது. காய்ந்த காது இரண்டும் மேலே எழுந்து நின்றன. வால் காய்ந்தது, வால் எழுந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. பிடரி காய்ந்தது, மயிர் ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்தது. முதுகு காய்ந்தது, வைக்கோல் சரசரத்தது. பல்கீசு நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. உதடு மட்டும் அசைந்தது, முன்பாட்டு. ஒரு சாண், இரண்டு சாண், நாலு சாண். குட்டியின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஈரம் மிச்சம் இருந்தது. காசிம் பாய்ந்து பிடிக்கப் போனான். “தொடாதீங்க, தாய் பயந்துக்குவா” என்றாள். ஆறு சாண். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தில் ஒரு முடிச்சு, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

குட்டி எழுந்தது. நிற்பதற்காக அல்ல. நாலு குளம்பும் வைக்கோலை விட்டுக் கிளம்பின, குட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மேலே போனது. ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண், நாலு சாண், இரண்டு விரல். பல்கீசின் கால் விரல் இடுக்கில் கயிறு விறைத்தது. குட்டி நின்றது. நின்ற இடத்துக்கு நேரே, மூக்கில் இடிக்கிற மாதிரி, தாயின் மடி இருந்தது. குட்டி அந்தரத்தில் நாலு காலையும் உதைத்துக்கொண்டு சப்பென்று காம்பைக் கவ்வியது.

பல்கீசு வண்டி முளைக்குச்சியை எடுத்து, கட்டுப் போட்ட இடத்தில் குத்தி, கல்லால் நாலு அடி அடித்து மண்ணில் இறக்கிவிட்டு, விரல் இடுக்கிலிருந்து கயிற்றை விட்டாள்.